வீட்டு வண்டியும் இரு பற்றரிகளும்

கடல் கடந்து வாழும் நம் பழைய மாணவர்களுள், சிறப்பாகக் கனடாவில் வாழ்வோருள், சிலர் கோடை விடுமுறையைக் குடும்பத்தோடு கழித்தற்பொருட்டு வீட்டு வண்டி வாங்கி வைத்திருக்கின்றனர். வண்டி என்பது பெயரளவிலேயாம். உண்மையில் அது சில்லுகளின்மேல் அமைந்த ஒரு சிறு வீடு. படுக்கையுண்டு, அடுப்புண்டு, குளிர்சாதனப் பெட்டியுண்டு, குளிருக்குக் கணப்பும் உண்டு. புதிய வண்டி விலை மிகுந்ததாதலின் நம்மவர் பெரும்பாலும் இருபது முப்பது ஆண்டு பழையதையே வாங்குவர். வாங்கிய முதற் கோடையிலேயே அவர்களை வந்தடையும் தொல்லை ஒன்றுண்டு. மாலையில் ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தி, விளக்கேற்றி, உண்டு உறங்கியவர் விடியற்காலையில் எஞ்சினை இயக்க முயல்வார். அது 'கடக்' என்ற ஓர் ஓசையோடு நின்றுவிடும். அல்லது, பகல் முழுவதும் நெடுஞ்சாலையில் ஓடி வந்த வண்டியில் இரவு எட்டு மணிக்கே விளக்கு மங்கத் தொடங்கும்.

"பற்றரி பழுது, புதிது வாங்குங்கள்" என்பதே திருத்துமிடங்களில் முதலிற் கிடைக்கும் அறிவுரை. வாங்கிப் பூட்டினால் ஓரிரு திங்கள் யாவும் ஒழுங்காக நடைபெறும். அதன்பின் பழைய கதையே. பழுது பற்றரியில் இல்லாதபோது பற்றரியை மாற்றுவது, கூரை ஒழுகுகின்றதெனப் பாயை மாற்றுவதை ஒக்கும்.

இது பணச் செலவோடு முடியும் காரியமாயின் இத்துணை எழுத வேண்டுவதில்லை. ஒன்ராறியோ மாகாணத்தில் இலையுதிர் காலத்து நிறங்களைக் காண்பதற்கென ஒக்டோபர் மாதத்தில் அல்கொன்குயின் பூங்காவுக்குச் செல்வோர் பலர். அம்மாதத்து இரவுகளில் நீர் உறையும் குளிர் வருவதுண்டு. வண்டியின் கணப்பு புரொப்பேன் வாயுவால் எரிவதாயினும், அதன் விசிறி பற்றரியாற் சுழல்வது. உவோற்றளவு குறைந்தால் விசிறி மெதுவாகச் சுழலும். காற்றின் விசையாற் மூட வேண்டிய சிற்றாளி மூடாது. அது மூடாவிடின் வாயு திறவாது, தீயும் பற்றாது. கூண்டிலே வாயு நிறைந்திருக்க உள்ளே குழந்தைகள் குளிரில் நடுங்குவர். அன்றியும், வாயுக் கசிவை அறிந்து ஒலிக்கும் எச்சரிக்கைக் கருவியும் பெரும்பாலான வண்டிகளில் அதே பற்றரியிலிருந்தே உணவு பெறுகின்றது. பற்றரி இறந்தால் காவற்காரனும் உறங்கிவிடுகின்றான்.

தமிழ் கற்பிப்பவனுக்கு இதில் என்ன வேலை என்று மாணவர் சிலர் நகைக்கக்கூடும். ஆசிரிய கலாசாலையிற் பொது விஞ்ஞானமும் சிறிது கற்றேன் என்பது ஒன்று. ரொறன்ரோவில் என் தமையனார் இல்லத்தில் இரு கோடைகள் தங்கி, அவருடைய வண்டியின் அடியிலும் அவர் நண்பர்களுடைய வண்டிகளின் அடியிலும் உவோற்றுமானியுங் கையுமாகக் கிடந்தேன் என்பது மற்றொன்று. உயர்தர வகுப்பில் பௌதிகவியல் பயிலும் மாணவர் ஓமின் விதியை வினாத்தாளில் மட்டுமன்றித் துருப்பிடித்த இரும்பிலும் காணலாம் என்பதும் என் கருத்து.

இனிப் பொருளுக்கு வருவோம். ஒரு வண்டிக்குப் பற்றரி இரண்டு எதற்கு? மோட்டார் வண்டிகளை ஒரு காலத்தில் கைப்பிடியாற் சுழற்றியே இயக்கினர். சாள்ஸ் கெற்றரிங் என்பவர் ஆக்கிய மின் தொடக்கி 1912 ஆம் ஆண்டின் கடிலாக் வண்டிகளில் இடம்பெற்றது. அன்று தொட்டுப் பற்றரிக்குரிய தலையாய வேலை எஞ்சினைத் தட்டியெழுப்புவதாயிற்று. அந்த வேலை கடுமையானது, ஆனால் குறுகியது. தொடக்கி மூன்று வினாடிக்கு 200 அம்பியர் இழுக்கின்றதென்று கொள்வோம். மொத்தம் 600 அம்பியர்-வினாடி. அதாவது ஓர் அம்பியர்-மணியின் ஆறிலொரு பங்கு. பெருந்தொகை போலத் தோன்றினும் எடுத்தது ஒரு கைப்பிடி நெல்லே. வீட்டு வேலையோ இதற்கு மாறானது. கணப்பின் விசிறி 7 அம்பியர் வீதம் இரவில் ஐந்து மணி நேரம் சுழன்றால் 35 அம்பியர்-மணி போய்விடும். மெல்ல மெல்லக் கேட்டுக் களஞ்சியத்தையே காலியாக்கும் வேலை அது.

இவ்விரு வேலைக்கும் பற்றரியின் உள்ளமைப்பே வேறுபடுகின்றது. காஸ்தோன் பிளான்ரே என்னும் பிரெஞ்சு அறிஞர் 1859 இல் ஆக்கிய ஈய-அமிலச் சேமிப்புக்கலமே இரண்டிற்கும் முன்னோன். எஞ்சின் பற்றரியில் தகடுகள் மெல்லியன, பல. ஆதலின் ஒரு நொடியிற் பெருமின்னோட்டம் தரும். வீட்டுப் பற்றரியில் தகடுகள் தடித்தன. ஆதலின் ஆழமாக வெறுமையாகி மீண்டும் நிறைவதைப் பலமுறை தாங்கும். எஞ்சின் பற்றரியை வீட்டு வேலைக்கு விட்டால் ஒரு கோடையிற் கெடும். வட அமெரிக்க வண்டிகள் பலவற்றில் 6 உவோற்றுப் பற்றரிகள் இரண்டைத் தொடராக இணைத்து 12 உவோற்று வீட்டுப் பற்றரியாக வைத்திருப்பதைக் காணலாம். கொல்ப் விளையாட்டுத் திடலிலோடும் சிறு வண்டிகளுக்கென ஆக்கப்பட்டவை அவை. ஆழ வேலைக்கு மிக ஏற்றவை.

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் 1958 இல் தொடங்கிய வின்னிபேகோ நிறுவனம் 1966 இலிருந்து வீட்டு வண்டிகளைப் பெருவாரியாகச் செய்து விற்றது. அக்காலந்தொட்டு இன்றுவரை அடிப்படை ஏற்பாடு ஒன்றே. எஞ்சின் ஓடும்போது, அதனாற் சுழலும் ஆடலோட்ட மின்பிறப்பாக்கி இரு பற்றரிகளையும் நிறைக்க வேண்டும். ஆதலின் அப்போது அவை இணைந்திருத்தல் வேண்டும். எஞ்சின் நின்றதும் வீட்டு விளக்குகள் எஞ்சின் பற்றரியை உறிஞ்சலாகாது. ஆதலின் அப்போது அவை பிரிந்திருத்தல் வேண்டும். ஓடும்போது இணை, நின்றதும் பிரி. இவ்விதி வழுவுவதே மேற்சொன்ன தொல்லைகளுட் பெரும்பாலானவற்றின் வேர். விடியற்காலையில் எஞ்சின் இயங்காமை பிரிவு நிகழாமையின் அறிகுறி. ஓடிவந்த பின்னும் விளக்கு மங்குதல் இணைவு நிகழாமையின் அறிகுறி. இணைந்ததுபோல் நடித்து இணையாதிருத்தல் என்று மூன்றாவதொன்றும் உண்டு. அதுவே யாவரையும் ஏமாற்றுவது, பின்னர்க் கூறுவேன்.

இணைத்துப் பிரிக்கும் வேலையைப் பழைய வண்டிகளிற் செய்வது பெரும்பாலும் ஒரு வரிச்சுருள் ஆளி. ('சுவிச்சு' என்பதற்கு ஆளி என்று பெயர் தந்தவர் எவராயினும் நன்கு தந்தார். ஆள்வது ஆளி. யானையையும் அடக்கும் பழந்தமிழ் விலங்கின் பெயரும் அதுவே என்பதை என் மாணவர் அறிவர்.) ஒரு தேநீர்க் கோப்பையளவு உலோகக் குப்பி, மேலே பெரிய செப்பாணிகள் இரண்டு, சிறிய ஆணிகள் ஒன்றோ இரண்டோ. பெரிய ஆணிகளில் இரு பற்றரிகளின் நேர்முனைக் கம்பிகள் வந்து சேரும். சாவியைத் திருப்பியதும் சிற்றாணிக்கு மின் வரும். உள்ளிருக்கும் சுருள் காந்தமாகும். ஒரு செப்புத் தட்டு இழுபட்டு இரு பெரிய ஆணிகளையும் தொடுக்கும். சாவியை நிறுத்தினால் வில் அத்தட்டைத் தள்ளிப் பிரித்துவிடும். அவ்வளவே.

இங்கே ஒரு பொறியைக் குறிப்பிட்டே ஆகவேண்டும். போட் வண்டிகளின் தொடக்கிக்கு மின் அனுப்பும் வரிச்சுருள் ஆளியும், இந்த இணைப்பு ஆளியும் பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். பழைய வீட்டு வண்டிகளுட் பல போட் நிறுவனத்தின் ஈ-350 அடிச்சட்டத்தின்மேற் கட்டப்பட்டவையாதலின், கடையில் மலிவாகக் கிடைக்கும் தொடக்கி ஆளியை வாங்கி இணைப்பு ஆளியின் இடத்திற் பூட்டிவிடுவோர் உளர். தொடக்கி ஆளியின் சுருள் சில வினாடி மட்டும் உழைப்பதற்கென அமைந்தது, பெருமின்னோட்டம் இழுப்பது. அதனை நாள் முழுவதும் உழைக்க வைத்தால் வெந்து கருகும். இணைப்பு ஆளி 'தொடர் உழைப்புக்குரியது' என்று குறிக்கப்பட்டிருத்தல் வேண்டும். அதன் சுருளிற் செல்வது ஏறத்தாழ ஓர் அம்பியரே. தொடர் உழைப்பு ஆளியுங்கூட ஓடும்போது கை சுடுமளவுக்குச் சூடேறும், அது இயல்பு. நாற்றம் எழுந்தால் இயல்பன்று.

வேறு சில வண்டிகளில், அலுமினியச் சிறகுகள் வரிசையாக நிற்கும் ஒரு பெட்டி காணப்படும். அஃது இருவாயிகளால் ஆன பிரிப்பான். மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும் இருவாயி, வாயிற்காவலன் போன்றது. மின்பிறப்பாக்கியிலிருந்து இரு பற்றரிகளுக்கும் வழிவிடும்; ஒரு பற்றரியிலிருந்து மற்றதற்கு விடாது. அசையும் உறுப்பு இல்லாமை இதன் நன்மை. ஆனால் காவலன் கூலி கேட்கின்றான்: கடந்து செல்லும் ஒவ்வொரு முறையும் 0.6 தொடக்கம் 0.7 உவோற்று வரை எடுத்துக்கொள்கின்றான். மின்பிறப்பாக்கி 14.2 தந்தாற் பற்றரியை அடைவது 13.5 தான். உவோற்றளவைச் சீர்செய்யும் கருவியின் உணர்கம்பி பிரிப்பானுக்கு அப்பால், பற்றரிப் பக்கத்தில் இணைக்கப்பட்டிருந்தால் அது தன் அளவை உயர்த்தி ஈடுசெய்யும். இல்லாவிடின் இரு பற்றரிகளும் என்றும் அரைவயிற்றோடு கிடந்து தகடுகளில் ஈயச் சல்பேற்று இறுகிக் கெடும். எஞ்சினை நிறுத்திய பின், நடு ஆணியிற் பற்றரியின் உவோற்றளவு தெரிந்தால் இருவாயி ஊடழிந்தது என்க.

இனிச் சோதனை. தொடங்குமுன் செய்யவேண்டியது ஒன்றுண்டு. அதைச் செய்யாதோர் அரைநாள் வீணாக்குவர். வண்டி வீட்டு முற்றத்தில் நிற்கும்போது 120 உவோற்று மின்சாரம் கம்பி வழியே பூட்டப்பட்டிருக்கும். அதனை 12 உவோற்றாக மாற்றும் பெட்டியொன்று உள்ளேயிருந்து விளக்கு, விசிறி யாவற்றுக்கும் உணவளிக்கும். பற்றரி முற்றிலும் செத்திருந்தாலும் யாவும் எரியும்! ஆதலின் அந்தக் கம்பியை முதலிற் கழற்றுக. கழற்றியவுடன் விளக்குகள் அணைந்துவிட்டால் அதுவே ஒரு செய்தி.

அடுத்து, இரு பற்றரிகளையும் சில மணி நேரம் எதுவும் கேளாது ஓய்வாக விட்டு, ஒவ்வொன்றின் முனைகளிலும் உவோற்றளவைப் பார்க்க வேண்டும். நிறைந்த ஈய-அமிலப் பற்றரி 12.6 அல்லது 12.7 காட்டும், பாதியாயிருந்தால் 12.2 அளவு, 11.9 என்றால் ஏறத்தாழ வெறுமை. 12 காட்டுகின்றதே, 12 உவோற்றுப் பற்றரிதானே என்று மகிழ்வோருக்கு இது வியப்பாயிருக்கும். மூடி திறக்கக்கூடிய பற்றரியாயின் நீரமானி இன்னும் உண்மை பேசும். நிறைந்த கலத்தில் அமிலத்தின் தன்னீர்ப்பு 1.265 அளவில் நிற்கும். ஆறு கலங்களுள் ஒன்று மட்டும் மற்றவற்றிலிருந்து 0.050 அளவு தாழ்ந்திருந்தால் அப்பற்றரிக்கு மெய்யாகவே முடிவு வந்துவிட்டது. அப்போது வாங்குக, தடையில்லை.

பற்றரிகள் இரண்டும் நலமெனின் ஆளியை நோக்கலாம். எஞ்சின் நின்றிருக்க, வீட்டு விளக்குகளனைத்தையும் கணப்பின் விசிறியையும் ஏற்றுக. வீட்டுப் பற்றரியின் அளவு சிறிது இறங்கும். எஞ்சின் பற்றரியின் அளவு இமைக்காது நிற்றல் வேண்டும். அதுவும் கூடவே இறங்கினால் இரண்டும் பிரியவில்லை: ஆளியின் செப்புத் தட்டு தீப்பொறியால் உருகி ஒட்டிக்கொண்டிருக்கும், அல்லது முன்பு வைத்திருந்தவர் எவரோ ஒரு கம்பியைக் குறுக்கே போட்டு வைத்திருப்பார். பழைய வண்டிகளில் முன்னையோர் செய்த 'திருத்தங்கள்' பல உண்டு. அவை வரைபடத்தில் இருப்பதில்லை.

அதன்பின் எஞ்சினை இயக்குக. எஞ்சின் பற்றரி 13.8 தொடக்கம் 14.4 வரை எழும். எழாவிட்டால் குற்றம் மின்பிறப்பாக்கியில். இரு பற்றரிக் கதைக்கே வரவேண்டாம். அது எழுந்து, வீட்டுப் பற்றரி மட்டும் 12.3 இல் கிடந்தால் இணைவு நிகழவில்லை. இப்போது ஆளியின் சிற்றாணியில் மின் உண்டா எனப் பார்க்க வேண்டும். இல்லையேல் உருகி எரிந்திருக்கலாம், அல்லது சாவியிலிருந்து வரும் கம்பி அறுந்திருக்கலாம். மின் இருந்தும் 'கிளிக்' ஓசை இல்லையேற் சுருள் அறுந்தது. ஆனால் சிற்றாணி ஒன்றே உடைய ஆளிகளில் சுருளின் மறுமுனை குப்பியின் உடலோடு சேர்ந்து, திருகாணி வழியாக வண்டியின் இரும்பையடைந்து சுற்றை முடிக்கும். அவ்விடம் துருப்பிடித்தால் நல்ல சுருளும் உழைக்காது. புதிய ஆளி வாங்குமுன் இரு திருகாணிகளைக் கழற்றிச் சுரண்டிப் பூட்டிப் பார்த்தல் நன்று.

ஓட்டுநரின் முன்னே 'அவசரத் தொடக்கம்' என்னும் பொத்தான் பல வண்டிகளில் உண்டு. எஞ்சின் பற்றரி தளர்ந்தால் வீட்டுப் பற்றரியின் துணையை வேண்டுவதற்கென அமைந்தது அது. பெரும்பாலும் இதே ஆளியையே அது மூடுகின்றதாதலின், எஞ்சினை இயக்காமலே ஆளியைச் சோதிக்க உதவும். பொத்தானை ஒருவர் அழுத்த மற்றவர் உவோற்றுமானியைப் பார்த்தால் இரு பற்றரிகளின் அளவும் ஒன்றையொன்று நெருங்கக் காணலாம்.

இனி, முன்னர்ச் சொல்லாது விட்ட மூன்றாவது குற்றம். 'கிளிக்' ஓசை கேட்கின்றது. உவோற்றுமானி இரு பக்கமும் நல்ல அளவே காட்டுகின்றது. கம்பிகள் தடித்தவை, அறுபடாதவை. ஆயினும் பற்றரி நிறைவதில்லை. இவ்விடத்தே 1827 இல் கேயோர்க் ஓம் வெளியிட்ட விதி கைகொடுக்கின்றது. மின்னோட்டத்தைத் தடையாற் பெருக்கின் வருவது உவோற்றிழப்பு. உவோற்றுமானி தனக்கென இழுக்கும் மின்னோட்டம் இல்லையென்னுமளவுக்குச் சிறிது. ஆதலின் துருவேறிய மூட்டொன்றில் 0.05 ஓம் தடை இருந்தாலும் மானியின் கண்ணுக்கு அது தெரியாது; 12.6 என்றே கூறும். அதே மூட்டின் வழியே 20 அம்பியர் செல்ல வேண்டுமாயின் 1 உவோற்று அங்கேயே மறையும். 100 அம்பியர் கேட்கும் வேலையாயின் 5 உவோற்று மறையும். எனவே சுமையில்லாமல் எடுத்த அளவு, சாட்சிக் கூண்டில் ஏறாதவன் சொன்ன சாட்சியம். கணப்பு ஓடிக்கொண்டிருக்க, விளக்குகள் எரிந்துகொண்டிருக்க, அல்லது எஞ்சின் ஓடிப் பற்றரியை நிறைத்துக்கொண்டிருக்க எடுத்த அளவே அளவு.

எடுக்கும் முறையும் எளிது. மானியின் ஒரு முனையைக் கம்பியின் தொடக்கத்திலும் மறு முனையை அதே கம்பியின் முடிவிலும் வைக்க வேண்டும். நல்ல கம்பியாயின் ஒன்றும் காட்டாது. பத்திலொரு உவோற்றுக் காட்டலாம். அரை உவோற்றுக் காட்டினால் அந்தத் துண்டினுள்ளே கள்வன் இருக்கின்றான். பின்னர் அத்துண்டை இரண்டாகப் பகுத்துப் பகுத்து மூட்டு மூட்டாகப் பார்த்தால் அவன் அகப்படுவான். ஆளியின் இரு பெரிய ஆணிகளுக்கிடையே இவ்வாறு பார்த்தால், மூடிய நிலையில் 0.2 உவோற்றுக்கு மேல் இருத்தலாகாது. மேலிருந்தால் உள்ளே செப்புத் தட்டு கரிந்து குழிவிழுந்தது. ஓசை மட்டும் எஞ்சியுள்ளது.

இளைப்பாறிய கணக்காளர் ஒருவர், நம் கல்லூரியின் பழைய மாணவர், ஒரே ஆண்டில் இரண்டு வீட்டுப் பற்றரி வாங்கியிருந்தார். நான் சென்றபோது கணப்பை ஏற்றச் சொன்னேன். பற்றரியின் முனைகளில் 12.4, கணப்பின் முனைகளில் 10.3. இடையில் 2.1 உவோற்றைக் காணவில்லை. நேர்முனைக் கம்பி முழுவதும் பார்த்ததில் 0.2 தான். எதிர்முனைப் பக்கம் மானியை வைத்தேன்: பற்றரியின் எதிர்முனைக்கும் வண்டியின் அடிச்சட்டத்துக்கும் இடையே 1.9. வாயிற்படியின் கீழே ஒரு திருகாணியால் அக்கம்பி சட்டத்தோடு பூட்டப்பட்டிருந்தது.

"தம்பி, உதிலை என்ன இருக்கு? இரும்போடை இரும்புதானே, இறுக்கமாய்க் கிடக்கு" என்றார் அவர்.

"அண்ணை, தொட்டுப் பாருங்கோ" என்றேன்.

தொட்டவர் கையை எடுத்துக்கொண்டார். ஏழு அம்பியரும் 1.9 உவோற்றும் பெருக்கினால் 13 உவாற்று. ஒரு சிறு விளக்கின் சூடு அந்தத் துருவினுள் எரிந்துகொண்டிருந்தது. ஒன்ராறியோவிற் குளிர்காலத்தில் வீதிகளுக்கு உப்புத் தூவுகின்றனர். பனி உருகும், வண்டிகளின் அடிப்புறம் அரிக்கப்படும். வருவதற்கும் போவதற்கும் மின்னுக்கு அதுவே வழியாதலின், பற்றரி நிறைவதையும் அத்துரு தடுத்தது. நிறைந்த சிறிதையும் பயன்பட விடாது தடுத்தது. திருகாணியைக் கழற்றி, இரும்பு வெள்ளியாய் மின்னும்வரை தேய்த்து, புதிய ஆணியிட்டு முடுக்கி, மேலே கிறீசு பூசினோம். மீண்டும் அளந்தபோது 0.1. அவர் வாங்கிய பற்றரிகள் இரண்டிலும் ஒரு குற்றமும் இருந்ததில்லை.

இடைவிட்டு வரும் குற்றமும் ஒன்றுண்டு. வீட்டுப் பற்றரிக்குச் செல்லும் கம்பியிற் சிறு உலோகப் பெட்டி வடிவான சுற்றுடைப்பான் இருக்கும். மிகைமின்னோட்டத்தாற் சூடேறித் திறந்து, ஆறியபின் தானே மூடிக்கொள்ளும் இயல்பினது. வயதானால் சிறு மின்னோட்டத்துக்கே திறக்கத் தொடங்கும். சோதிக்கும்போது மூடியிருக்கும், நெடுஞ்சாலையில் திறந்திருக்கும். விலை சிறிதாதலின் ஐயமெழுந்தால் மாற்றிவிடுவதே அறிவு.

யாவும் ஒழுங்காயிருந்தும் சும்மா நிற்கும் வண்டியிற் பற்றரி வற்றினால் எங்கோ ஒரு துளை உண்டு. பற்றரியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றி, இடையில் அம்பியர்மானியை வைத்தால் துளையின் அளவு தெரியும். (மானி இடையிலிருக்க எஞ்சினை இயக்க முயலலாகாது, மானி எரிந்துபோம்.) எஞ்சின் பற்றரியில் 0.05 அம்பியருக்குக் குறைவாயின் குற்றமில்லை. வீட்டுப் பற்றரியில் வாயு எச்சரிக்கைக் கருவி, குளிர்சாதனப் பெட்டியின் மின்பலகை, வானொலியின் நினைவு ஆகியன சேர்ந்து 0.3 அம்பியர் எடுப்பது அரிதன்று. நாளொன்றுக்கு 7.2 அம்பியர்-மணி; 100 அம்பியர்-மணிப் பற்றரி ஒரு வாரத்திற் பாதியாகும். அதற்கு மேலிருந்தால் உருகிகளை ஒவ்வொன்றாகக் கழற்றுக. எதனைக் கழற்ற மானி விழுகின்றதோ அச்சுற்றிலே துளை.

120 உவோற்றை மாற்றும் பழைய பெட்டிகளைப் பற்றி ஒரு சொல். அவற்றுட் பல, பற்றரி நிறைந்ததா இல்லையா என்று நோக்காது ஒரே அளவில் மின்னைச் செலுத்திக்கொண்டேயிருப்பவை. மாதக்கணக்கிற் பூட்டிவைத்தால் அமிலத்திலுள்ள நீர் கொதித்தாற்போல வற்றித் தகடு வெளிப்படும். மூடி திறந்து வடித்த நீர் விடுதல் வேண்டும். குழாய் நீர் ஆகாது. படிப்படியாக அளவைக் குறைக்கும் புதுமுறைப் பெட்டிகள் இப்போது கிடைக்கின்றன. லிதியம் பற்றரிக்கு மாற நினைப்போர் ஒன்றறிதல் வேண்டும். அதன் உவோற்றளவுக்கு மேலே நான் தந்த எண்கள் பொருந்தா. அது மின்னோட்டத்தை அளவின்றி விழுங்குமாதலின், பழைய வரிச்சுருள் ஆளியால் நேரே இணைத்தால் மின்பிறப்பாக்கி சூடேறிக் கெடும். இடையே மின்னோட்டத்தை அளந்து விடும் ஒரு கருவியைப் பூட்டியே அதனைப் பயன்படுத்தல் வேண்டும்.

ஆபத்துக்கள் சில. நிறையும் பற்றரியிலிருந்து ஐதரசனும் ஒட்சிசனும் எழுகின்றன. பற்றரி இருக்கும் அறைக்குக் காற்றோட்டம் வேண்டும், அருகில் தீப்பொறி ஆகாது. மோதிரம், கைக்கடிகாரச் சங்கிலி ஆகியவற்றைக் கழற்றிவிட்டே கை வைத்தல் வேண்டும். கழற்றும்போது எதிர்முனையை முதலிலும், பூட்டும்போது அதனைக் கடைசியிலும் கொள்க. அப்போதுதான் கையிலுள்ள சாவி இரும்பிற் பட்டாலும் பொறி பறக்காது. இரு பற்றரிகளையும் இணைக்கும் நீண்ட கம்பிக்கு உருகி ஒன்று போதாது, இரண்டு வேண்டும். ஒவ்வொரு பற்றரிக்கும் அண்மையில் ஒவ்வொன்று. மற்றக் கம்பிகளுக்கு மின் ஒரு பக்கத்திலிருந்து வரும். இதற்கோ இரு பக்கத்திலிருந்தும் வரும். கம்பி நடுவில் உராய்ந்து சட்டத்திற் பட்டால், உருகியில்லாத பக்கத்துப் பற்றரி அதனைச் செந்தணலாக்கும். கம்பியின் அருகே மரப் பலகையும் பஞ்சு மெத்தையும் இருக்கின்றன என்பதை நினைக்க.

நிறங்களும் ஏமாற்றும். வண்டியின் எஞ்சின் பகுதியிற் கறுப்புக் கம்பி எதிர்முனை. வீட்டுப் பகுதியிலோ வட அமெரிக்க வழக்கப்படி கறுப்பு நேர்முனையாகவும் வெள்ளை எதிர்முனையாகவும் இருப்பது உண்டு. கறுப்பென்றால் எதிர்முனையென நம்பி மாறிப் பூட்டியோர், மாற்றிப் பெட்டியிலுள்ள காப்பு உருகிகளை ஒரே நொடியில் எரித்திருக்கின்றனர். பின்னர் அப்பெட்டி பற்றரியை நிறைக்காது. ஏனென்பதும் எவருக்கும் விளங்காது. புதிய பற்றரி பூட்டிய நாள் முதல் நிறைவதில்லை என்று ஒருவர் சொன்னால் முதலில் அந்த உருகிகளையே பார்க்க வேண்டும். நிறத்தை நம்பாது மானியால் அறிந்து, கம்பிகளிற் சீட்டு எழுதிக் கட்டிவைத்தல் நலம்.

கோடை கழிந்து வண்டியை நிறுத்திவைக்கும் காலத்தில் இரு பற்றரிகளையும் நிறைத்து, எதிர்முனைகளைக் கழற்றி வைத்தல் வேண்டும். நிறைந்த பற்றரியின் அமிலம் கனடாவின் குளிரிலும் உறையாது. வெறுமையான பற்றரியில் மிகுந்திருப்பது நீரேயாதலின் −10 பாகை செல்சியசை அண்மியதும் உறைந்து உறையைப் பிளக்கும். உறைந்த பற்றரிக்கு மின்னேற்ற முயலலாகாது, வெடிக்கக்கூடும். இளவேனிலில் மீண்டும் பூட்டும்போது, புறப்படுமுன் வாயு எச்சரிக்கைக் கருவியின் சோதனைப் பொத்தானையும் ஒருமுறை அழுத்திப் பார்க்க. அக்கருவிக்கும் ஆயுள் உண்டு. அதன் பின்புறத்தில் காலாவதியாகும் ஆண்டு அச்சிடப்பட்டிருக்கும்.